காலி வீடு

முகாரக்கில் நடை தொடங்கும்போது மணி நாலரை.
சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு நீல வில்லை.
எனக்குப் பதினொன்று, இவருக்குப் பன்னிரண்டு.
ஒன்பதும் பத்தும் ஜெர்மன் தம்பதி.
அந்த அம்மாளின் தட்டைச் செருப்பைப் பார்த்த பிறகுதான்
என் குதிகால் எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிந்தது.

வழிகாட்டி ஹெஸ்ஸா.
பின்னோக்கி நடந்தபடியே பேசுகிறாள்,
ஒரு கல்லிலும் இடறவில்லை.
அவள் ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரிகிறது,
மீதியை அவள் கை சொல்லிவிடுகிறது:
இது கடலில் வெட்டிய கல்,
இது கூரைக்குக் கப்பலில் வந்த கம்பு.
முத்துக் குளிக்கப் போகிறவன் முன்பணம் வாங்கிக்கொண்டு போவான்.
முத்து வாய்க்காவிட்டால் கடன் ஏறும்,
அவன் செத்தால் மகன் தலையில் இறங்கும்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
எதற்கென்று தெரியும்.
விசாவுக்குக் கட்டிய எழுபதாயிரத்தில்
என் வளையல் நாலும் கரைந்தன.

விமான நிலையம் பக்கத்தில்.
கூரையை உரசுகிறமாதிரி ஒவ்வொன்றாக இறங்குகின்றன.
அப்போதெல்லாம் ஹெஸ்ஸா பேச்சை நிறுத்தி
ஒரு விரலைத் தூக்கிக் காத்திருக்கிறாள்.
அந்த இடைவெளியில் இவர் முணுமுணுக்கிறார்:
"இது தோஹா. இது கொச்சி."
எப்படித் தெரியும் என்றேன்.
நேரம், என்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது சந்தில் காற்றுக்கோபுரம் வைத்த வீடு.
முத்து வியாபாரி ஒருவர் கட்டியது.
சுண்ண வெள்ளைச் சுவர், அதில் செதுக்கிய பூ,
பூவுக்குள் பூ.
"குடும்பம் இடம் மாறிப் போனபின்
முப்பது வருஷம் காலியாகக் கிடந்தது" என்றாள்.

விமானம் எதுவும் வரவில்லை.
இவர் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல.
"லா. காலி இல்லே.
அர்பத்தாஷ் நஃபர்."

பதினாலு பேர்.
அங்கே கட்டில்மேல் கட்டில்,
இங்கே கேஸ் அடுப்பு,
அந்தப் பூவிலிருந்து இந்தப் பூவுக்குத் துணிக்கொடி.
கோபுரத்தின் வாயைப் பலகையால் அடைத்து
அதில் ஒரு பழைய ஏசி.
"ஏசியா!" என்றாள் ஹெஸ்ஸா.
இவர் தரையைப் பார்த்தார்.
"ஓடாது" என்றார்,
அது மன்னிப்பாகும் என்பதுபோல.

பிறகு என்னிடம் மட்டும் தமிழில்:
வியாபாரி போனபின் இந்த வீட்டில் மிஞ்சிய ஒரே முத்து
கருங்கல் சவரிமுத்து.
பதினாலு பேருக்கும் மீன்குழம்பு வைத்தவன்.
நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
ஒன்பதும் பத்தும் திரும்பிப் பார்த்தன.
எப்படி விளக்குவது?

தொண்ணூற்றெட்டில் ஒரு கடிதம் வந்தது.
"மாடி வீடு. சுவரெல்லாம் பூ வேலை.
காற்றுக்கென்றே தனிக் கோபுரம்."
புளுகு என்று மடித்து
அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.
பதிலில் அதைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லை,
பாவம், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று.
இப்போது அந்தச் சுவர் முன்னால் நிற்கிறேன்.
எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.
எழுதாததுதான் பதினாலு.

ஹெஸ்ஸா தன் காகிதத்தில் எதையோ அடித்தாள்.
"பெயர்கள் சொல்லுங்கள்" என்றாள், பேனாவோடு.
தன்னையும் சேர்த்து ஒன்பது வந்தது.
பத்தாவதற்கு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.
கூட்டம் பொறுமையாக நின்றது,
பிறகு அவ்வளவு பொறுமையாக இல்லை.
கயிறு கட்டிய பக்கம் போய்
சுவரின் ஓர் ஓட்டையைத் தேடினார்.
ஆணியடித்தது அவர்தானாம்.
நன்றாகப் பூசியிருக்கிறார்கள்.

அல்வாக் கடைக்கு எதிரே நடை முடிந்தது.
நான் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.
கரக் டீ, ஆளுக்கொரு காகிதக் கோப்பை.
"மீரான் கனி" என்றார் திடீரென்று.
பாதி டீயில், "வேளாங்கண்ணிப் பக்கத்துப் பையன் ஒருத்தன்,
இருதயம். குறட்டை விடுவான்."

மேலே ஒன்று தாழப் போயிற்று.
எந்த ஊர் என்று சொல்லவில்லை.
விரலை மடித்துக்கொண்டிருந்தார்.
"இன்னும் மூணு பேர் பாக்கி."